சுழியும் ஒன்றும் எட்டுக் குறிகளும்

மாந்தர் தம்முள் பேசிக்கொள்ளும் மொழிகள் பல. பொறிகளோடு பேசுதற்கென மாந்தர் ஆக்கிக்கொண்ட மொழிகளும் இன்று பலவாகப் பெருகியுள்ளன. வங்கிக் கணக்கும், இரயில் முன்பதிவும், மின்கட்டணச் சீட்டும் அம்மொழிகளில் எழுதப்பெற்ற நிரல்களாலேயே நடைபெறுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை வேலையை எளிதாக்கும் பொருட்டுப் பிறந்தவை. ஆயினும் வேண்டுமென்றே கடினமாக ஆக்கப்பெற்ற மொழிகளும் சில உள. சொல்வளத்தைக் குறைத்து, விதிகளைச் சுருக்கி, எழுதுவோரின் கைகளைக் கட்டிவிட்டு, “இப்போது எழுதிக் காட்டுக” என்று அறைகூவும் மொழிகள் அவை. அவற்றைப் புதிர்மொழிகள் என்று குறிப்போம்.

நம் இல்லத்து மகனோ மகளோ தாள் முழுவதும் கூட்டற்குறியும் கழித்தற்குறியுமாக நிரப்பிக்கொண்டு, “நான்கு குறிகள் மிகுதி, இன்னும் குறைக்கவேண்டும்” என்று முணுமுணுக்கக் கண்டால், “இதனால் என்ன பயன்?” என்று பெற்றோர் வினவுவது இயல்பே. அது தேர்வுக்குரிய பாடமன்று. ஊதியந் தரும் வேலையுமன்று. அவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டே ஈண்டு வரலாற்றைச் சிறிது புரட்டுகின்றோம். புரட்டினால் இரண்டு செய்திகள் புலனாகும். இன்று விளையாட்டாகக் கருதப்படும் இம்முயற்சி, நாம் வாழும் இம்மும்பை நகரிலேயே ஒருகாலத்தில் விளையாட்டாக அன்றி, வேறு வழியின்மையால் நடந்தது என்பது ஒன்று. நம் தமிழ்ப் புலவர் இத்தகைய பயிற்சியைப் பல நூற்றாண்டுகட்கு முன்பே கையாண்டனர் என்பது மற்றொன்று.

கொலாபாவில் எழுந்த பொறி

நம் முன்னோர் நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டதும், மாதுங்காவில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் குடியேறியதும், பின்னர்ச் செம்பூர் வரை பரவியதும் நாமெல்லாம் கேட்டறிந்த வரலாறு. அறிவியல் துறையில் இந்நகரில் நடந்த ஒரு பெருஞ்செயலோ நம்மிடையே அத்துணை பேசப்பெறுவதில்லை.

ஹோமி பாபா அவர்கள் 1945-இல் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அணுவியலிலும் கணிதத்திலும் ஆய்வு நடத்தி வந்தது. அவ்வாய்வுகட்குப் பெருங்கணக்குகள் தேவைப்பட்டன. மேலைநாடுகளில் அக்காலத்தில்தான் மின்னணுக் கணிப்பொறிகள் தோன்றியிருந்தன. நம் நாட்டிற்கு வந்த முதல் எண்முறைக் கணிப்பொறி கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அமைந்தது. அஃது இங்கிலாந்திலிருந்து விலைக்கு வாங்கப்பட்டது. பம்பாயிலிருந்தவர்கள் வேறொரு வழியைத் தேர்ந்தனர். வாங்குவதை விடுத்து, நாமே கட்டுவோம் என்று துணிந்தனர்.

அப்பணிக்குத் தலைமை பூண்டவர் ஆர். நரசிம்மன் அவர்கள். 1926-இல் சென்னையிற் பிறந்தவர். கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்றவர். அமெரிக்கா சென்று மேற்படிப்பு முடித்து, இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1954-இல் பம்பாய் நிறுவனத்திற் சேர்ந்தவர். எண்முறைக் கணிப்பொறி ஒன்றை நம் நாட்டில் எவரும் கட்டியிராத காலம் அது. முதலில் சிறியதொரு முன்னோட்டப் பொறியை அமைத்தனர். அது 1956-ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கலாயிற்று. அதிற் கற்ற பாடங்களைக் கொண்டு முழுப்பொறியை உருவாக்கி, 1960-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இயக்கினர். 1962-இல் கொலாபாவில் நிறுவனத்தின் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்த பிரதமர் நேரு அவர்கள், அப்பொறிக்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார். நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளோடு, தானியங்கிக் கணக்குப்பொறி என்னும் பொருள்தரும் எழுத்துகளும் சேர்ந்து அமைந்த பெயர் அது.

அதன் உருவத்தைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். பதினெட்டு அடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள இரும்புச் சட்டத்தினுள் 2,700 வெற்றிடக் குழல்கள், 1,700 ஜெர்மானியம் டையோடுகள், 12,500 மின்தடைகள் அடங்கியிருந்தன. நம் பகுதியில் ஒரு குடும்பம் வாழும் ஒற்றை அறைக்குள் அதனை நுழைத்திருந்தால் அடுப்பு வைக்கவும் இடம் மிஞ்சியிராது. அதன் நினைவகமோ 2,048 சொற்களே கொண்டது. ஒவ்வொரு ‘சொல்’லிலும் நாற்பது இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் சுழியோ ஒன்றோ இருக்கலாம். பெருக்கிப் பார்த்தால் 81,920 இடங்கள். இக்காலக் கணக்கில் 10,240 பைட்டுகள். வாசகர் படித்துக்கொண்டிருக்கும் இக்கட்டுரையை இன்றைய தமிழ்க் குறியீட்டு முறையில் எழுதினால் அந்நினைவகத்திற்குள் முழுமையும் அடங்காது. அத்துணைச் சிறிய இடத்திற்குள்தான் அன்றைய அறிவியலாளர் தம் கணக்குகளை அடக்கினர்.

பொறிமொழியில் எழுதியவர்கள்

அப்பொறிக்கு மாந்தர்மொழி எதுவும் தெரியாது. சுழியும் ஒன்றுமாகிய பொறிமொழி ஒன்றே அதற்குப் புரிந்தது. ‘இந்த எண்ணை எடு’, ‘அந்த எண்ணோடு கூட்டு’, ‘விடையை இன்ன இடத்தில் வை’, ‘விடை சுழிக்குக் குறைவாயின் இன்ன கட்டளைக்குத் தாவு’ என்பன போன்ற சில கட்டளைகளே அம்மொழியின் சொற்கள். காகித நாடாவில் துளைகளாக அவற்றைப் பதித்துப் பொறிக்குள் செலுத்துவர்.

இதன் இடர்ப்பாடு யாது? நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் எண் உண்டு. நம் சால் வீடுகளின் கதவெண்களை ஒத்தது அது. ‘முப்பத்தேழாம் இடத்திலுள்ள எண்ணை எடு’ என்றே கட்டளை எழுதவேண்டும். நிரலின் நடுவே ஒரு கட்டளையை மறந்துவிட்டோம் என்று பின்னர்த் தெரிந்து, அதனை இடையிற் செருகினால், அதற்கப்பால் உள்ள அனைத்தும் ஓரிடம் தள்ளிப்போகும். பத்தாம் எண் வீட்டிற்கும் பதினோராம் எண் வீட்டிற்கும் இடையே புதிதாக ஓர் அறையைக் கட்டி, அதன்பின் வரும் வீடுகளின் எண்களையெல்லாம் மாற்றிவிட்டால் அஞ்சற்காரர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். அப்பாட்டையே நிரல் எழுதியவரும் பட்டார். ஆதலின், எழுதத் தொடங்கும் முன்னரே முழு நிரலையும் மனத்திற்குள் கட்டிப் பார்க்கும் பழக்கம் அவர்கட்கு வேண்டியதாயிற்று.

இடமோ குறைவு. ஒரே எண்ணை இருமுறை வைத்தல் ஊதாரித்தனம். ஒரே கட்டளைத் தொடரைப் பலமுறை எழுதுவதினும், ஒருமுறை எழுதி அதனையே சுற்றிச் சுற்றி நடத்துவது சிக்கனம். தாராவியில் தோற்பை தைப்பவர் ஒரு தோலை விரித்து வைத்து, கைப்பிடிக்கு எங்கே, அடிப்பகுதிக்கு எங்கே, வாருக்கு எங்கே என்று அச்சுகளை நெருக்கி நெருக்கி வைத்துப் பார்த்த பின்னரே கத்தியைத் தொடுவார். வீணாகும் துண்டு சிறுத்தால்தான் அன்றைய கூலி தேறும். நினைவகத்தைக் கையாண்ட நிரலாளரும் அத்தகைய வெட்டுத் தொழிலாளரே. குறைந்த இடத்தில் நிறைந்த பொருளை அடக்குவது இருவர்க்கும் கலை, இருவர்க்கும் பிழைப்பு.

எளிய மொழிகள் வந்தபின்

இந்நிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1957-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ஃபோர்ட்ரான் என்னும் மொழியை வெளியிட்டனர். கணிதச் சூத்திரத்தைப் போலவே எழுதினால் போதும். சுழியும் ஒன்றுமாக மாற்றும் வேலையைப் பொறியே பார்த்துக்கொள்ளும். 1964-இல் பம்பாய் நிறுவனத்திற்கு சி.டி.சி. 3600 என்னும் பெரிய அமெரிக்கக் கணிப்பொறி வந்தது. மறு ஆண்டே டிஃப்ராக் பணி ஓய்வு பெற்றது. நரசிம்மன் அவர்கள் 1965-இல் அமைந்த இந்தியக் கணிப்பொறிக் கழகத்தின் முதல் தலைவராகி, 1977-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, நெடுங்காலம் தொண்டாற்றி 2007-இல் மறைந்தார்.

எளிய மொழிகள் வந்தது பெரும்பேறே. அவை வந்திராவிடின் இன்று இலட்சக்கணக்கான இந்திய இளைஞர் மென்பொருள் துறையில் வாழ்வு பெற்றிருக்க இயலாது. ஆனால் ஒன்று மறைந்தது. பொறியின் உள்ளே என்ன நிகழ்கின்றது என்பதை அடி முதல் முடி வரை மனத்தால் தொடர்ந்து செல்லும் பழக்கம் மறைந்தது. நினைவகம் மலிவானதும் சிக்கனம் தேவையற்றதாயிற்று.

மறைந்த அப்பழக்கத்தைச் சிலர் விளையாட்டாகத் தேடிச் சென்றனர். 1972-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டான் உட்ஸ், ஜேம்ஸ் லயன் என்னும் மாணவர் இருவர் இன்டர்கால் என்ற மொழியை நகைச்சுவையாகப் படைத்தனர். அம்மொழியில் ‘தயவுசெய்து’ என்னும் சொல்லைப் போதிய அளவு சேர்க்காவிடில், மரியாதையற்ற நிரல் என்று பொறி ஏற்க மறுக்கும். அளவிற்கு மிஞ்சிச் சேர்த்தாலோ, இச்சகம் பேசும் நிரல் என்று அப்போதும் மறுக்கும். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் விண்ணப்பம் கொண்டு செல்வோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

1993-இல் விளையாட்டு ஆராய்ச்சியாக உயர்ந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த வௌட்டர் வான் ஊர்ட்மெர்சன் என்பவர், 1,024 பைட்டுகளே கொண்ட மொழிமாற்றியால் இயங்கும் ஃபால்ஸ் என்னும் மொழியை ஆக்கினார். அதனைக் கண்ட சுவிட்சர்லாந்து நாட்டு உர்பன் முல்லர் அதனினும் சிறிதாக ஒன்று செய்ய விழைந்து, எட்டே எட்டுக் குறிகளைக் கொண்ட மொழியைப் படைத்தார். அதன் மொழிமாற்றி 240 பைட்டுகளில் அடங்கியது. அம்மொழிக்கு அவர் இட்ட பெயர் குடும்பத்தார் கூடிப் படிக்கும் மலரில் அச்சிடத் தகாதது. ஆதலின் எட்டுக்குறி மொழி என்றே வழங்குவோம்.

எட்டுக் குறிகள் போதுமோ?

எட்டுக் குறிகளால் எல்லாக் கணக்கையும் செய்ய இயலுமோ என்று ஐயுறுவோர் இருப்பர். இயலும் என்பதற்கான அடிப்படையை 1936-ஆம் ஆண்டிலேயே ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித மேதை வகுத்துவிட்டார். அவர் தந்தையார் சென்னை மாகாணத்தில் சிவில் சர்வீஸ் அதிகாரியாகப் பணியாற்றியவர்; தாயார் கோவையை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். ஒரு நீண்ட நாடா, அதன்மேல் இடமும் வலமும் நகரும் ஒரு முனை, குறியைப் படித்தல், எழுதுதல், இவ்வளவும் இருந்தால் விதிப்படி செய்யத்தக்க எக்கணக்கையும் செய்துவிடலாம் என்று அவர் காட்டினார். 1964-இல் இத்தாலிய அறிஞர் கொர்ராடோ போம், மிகச் சில குறிகளே கொண்ட மொழியாலும் இஃது இயலும் என்று நிறுவினார். முல்லரின் மொழி அதனைப் பெரிதும் ஒத்தது.

எட்டுக்குறி மொழியை விளக்க வெளிநாட்டு உவமை வேண்டா. நம் வீட்டுப் பல்லாங்குழியே போதும். பலகையில் குழிகள் வரிசையாக உள்ளன. நம் விரல் ஒரு குழியைச் சுட்டி நிற்கின்றது. வலமுனைக் குறி கண்டால் விரலை அடுத்த குழிக்கு நகர்த்துக. இடமுனைக் குறி கண்டால் முந்திய குழிக்குத் திரும்புக. கூட்டற்குறி கண்டால் குழியில் ஒரு சோழியை இடுக; கழித்தற்குறி கண்டால் ஒன்றை எடுத்துவிடுக. முற்றுப்புள்ளி கண்டால் குழியில் உள்ள எண்ணிக்கையை வெளியே அறிவித்திடுக. காற்புள்ளி கண்டால் வெளியிலிருந்து ஓர் எண்ணைக் குழியில் ஏற்றிடுக. ஆறு குறிகள் ஆயின. எஞ்சியவை சதுர அடைப்பின் திறப்பும் மூடலும். திறப்பை அடைந்தபோது குழி வெறுமையாயின் மூடலைத் தாண்டிச் செல்க. மூடலை அடைந்தபோது குழியில் சோழி இருப்பின் திறப்பிற்குத் திரும்பி அனைத்தையும் மீண்டும் செய்க. இவ்வளவே இலக்கணம். தொல்காப்பியம் கற்க ஆண்டுகள் ஆகும். இம்மொழியின் இலக்கணத்தைக் கற்க அரைமணி நேரம் ஆகாது. பயன்படுத்தும் திறமோ வேறு.

ஒரு புதிரை அவிழ்ப்போம்

புதிர் இது: குறைந்த குறிகளால் ‘அ’ என்னும் எழுத்தைப் பொறியில் தோன்றச் செய்க. எங்கும் ஒரே முறையில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு என்னும் குறியீட்டில், 1991-இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இன்று வழங்கும் முறைப்படி, நம் அகரத்தைக் குறிக்க 224, 174, 133 என்னும் மூன்று எண்கள் அடுத்தடுத்து வெளிவரவேண்டும்.

நேரான வழி எது? ஒரு குழியில் 224 கூட்டற்குறிகளை இட்டு, முற்றுப்புள்ளி வைக்கலாம். பின் ஐம்பதைக் கழித்தால் 174, முற்றுப்புள்ளி. பின் நாற்பத்தொன்றைக் கழித்தால் 133, முற்றுப்புள்ளி. மொத்தம் 318 குறிகள். விடை சரியே, ஆனால் புதிர் அவிழவில்லை. இது தோலின் நடுவில் அச்சை வைத்து வெட்டியது போன்றது.

சற்றே ஆழ்ந்து நோக்குவோம். குழி ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையே கொள்ளும். இம்மொழியை இயக்கும் பொறிகள் பெரும்பாலானவற்றில், வெறுங்குழியிலிருந்து ஒன்றைக் கழித்தால் 255 ஆகும். கடிகார முள்ளைப் பன்னிரண்டிலிருந்து பின்னோக்கித் தள்ளினால் பதினொன்றிற்குச் செல்வது போன்றது இது. அவ்வாறாயின் 224-ஐ அடைய 224 முறை ஏறுவானேன்? சுழியிலிருந்து 32 முறை இறங்கினாற் போதுமே! உடனே 318 குறிகள் 126 ஆகச் சுருங்குகின்றன. புதிய குறி ஒன்றும் கற்கவில்லை; பார்க்கும் திசை மட்டுமே மாறியது.

இனிச் சுழற்சியைப் பயன்படுத்துவோம். சுழியிலிருந்து கணக்கிட்டால் நாம் இறங்கவேண்டிய படிகள் முறையே 32, 82, 123. முதற் குழியில் எட்டுச் சோழிகளை இடுவோம். சுற்று ஒவ்வொன்றிலும் இரண்டாங் குழியில் நான்கும், மூன்றாங் குழியில் பத்தும், நான்காங் குழியில் பதினைந்தும் கழித்துவிட்டுத் திரும்பி வந்து, முதற் குழியிலிருந்து ஒரு சோழியை எடுப்போம். எட்டுச் சுற்றுகள் முடிந்ததும் 32, 80, 120 படிகள் இறங்கியிருப்போம். மூன்றாங் குழியில் இரண்டும் நான்காங் குழியில் மூன்றும் மேலும் கழித்தால் வேண்டிய எண்கள் வந்துவிடும். எண்ணிப் பார்த்தால் 57 குறிகள்.

இத்துடன் நிற்கலாமா? முதற் குழியில் எட்டிற்குப் பதில் பதினாறு இடுவோம். எட்டுக் குறிகள் மிகுதியாகச் செலவாகின்றனவே எனலாம். ஆனால் சுற்றுக்குள் கழிப்பவை இரண்டு, ஐந்து, எட்டு எனச் சுருங்கிவிடுகின்றன. பதினாறு சுற்றில் இறங்கியவை 32, 80, 128. மூன்றாங் குழியில் இன்னும் இரண்டு கழித்து, நான்காங் குழியில் மிகுதியாக இறங்கிய ஐந்தைக் கூட்டித் திருப்பிவிட்டால் விடை தயார். இப்போது 53 குறிகள். வாயிலில் எட்டுச் செலவிட்டு, உள்ளே பதினான்கு மிச்சப்படுத்தினோம். நேர்செய்யும் குறிகளில் இரண்டு கூடின. ஆக, நான்கு குறிகள் ஆதாயம். சில்லறை வணிகம் நடத்தும் நம்மவர்க்கு இக்கணக்கு புதிதன்று.

ஐம்பத்து மூன்றே முடிந்த முடிபு என்று நாம் கூறவில்லை. குழிகளை வேறு முறையில் அமைத்து இதனினும் குறைக்க முயல்வதை இம்மலரைப் படிக்கும் இளைஞர்க்கு விட்டுவிடுகின்றோம். குறைந்த அடிகளில் பந்தைக் குழியிற் சேர்க்கும் கோல்ப் ஆட்டத்தின் பெயரையே இவ்விளையாட்டிற்கும் உலகத்தார் இட்டு வழங்குகின்றனர்.

நம் புலவர் ஆடிய ஆட்டம்

தமக்குத்தாமே தளையிட்டுக்கொண்டு அத்தளைக்குள் ஆடிக் காட்டும் இக்கலை தமிழுக்குப் புதியதன்று. ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகைக் கவிகளை வகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் சித்திரகவி என்பது இவ்வகையினதே. முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமைவது மாலைமாற்று. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இம்முறையில் அமைத்தார். இதழ்கள் ஒட்டாமல் ஒலிக்கும் எழுத்துகளால் மட்டுமே பாடுவது நிரோட்டகம். பாம்புகள் பின்னியது போன்ற கட்டங்களில் எழுத்துகளை அடக்குவது நாகபந்தம். அருணகிரிநாதர் தம் கந்தரந்தாதியில் தகர வருக்கத்தை மட்டுமே கொண்டு ஒரு செய்யுளை முழுவதுமாக இயற்றினார். இவற்றிற்குத் தண்டியலங்காரம் இலக்கணமும் வகுத்துள்ளது.

புலவர்க்கு அகராதி முழுவதும் திறந்தே கிடந்தது. அதனை மூடிவைத்துவிட்டு ஒரே வருக்கத்தைக் கையில் எடுத்தது எதற்காக? வளம் குன்றியவிடத்து மொழியின் ஆற்றல் எதுவரை செல்லும் என்று அளந்து பார்ப்பதற்காக. சொல்லின் வன்மையை அறிந்தவனே அவ்வாறு அளக்கத் துணிவான்.

ஆயினும் நம் முன்னோர் அளவறிந்தவர்கள். சித்திரகவிக்கு மிறைக்கவி என்றும் ஒரு பெயர் இட்டனர். மிறை என்பது வருத்தம். பொருளைக் கொன்று தளையை மட்டும் காட்டும் பாட்டு, படிப்போர்க்கு வருத்தமே தரும். புதிர்மொழிகளிலும் அத்தகையது உண்டு. 1998-இல் பென் ஓம்ஸ்டெட் என்பவர் மால்போல்ஜ் என்னும் மொழியைப் படைத்தார். தாந்தே எழுதிய காவியத்தில் வரும் நரகத்தின் எட்டாம் வட்டத்தின் பெயர் அது. எழுதிய கட்டளை நடந்தவுடன் தானே உருமாறிவிடும் இயல்பினதாதலின், ஈராண்டுகள்வரை எவராலும் அதில் நிரல் எழுத இயலவில்லை. 2000-ஆம் ஆண்டில் தோன்றிய முதல் நிரலும் மனிதர் எண்ணி எழுதியதன்று. வேறொரு நிரலைக் கொண்டு தேடிக் கண்டெடுத்தது. தளை எந்த அளவிற்கு அறிவை வளர்க்கும், எந்த அளவிற்கு மேல் அறிவை வெளியே நிறுத்திவிடும் என்பதற்கு இதுவே எல்லைக்கல்.

எவர்க்கும் தாய்மொழியல்லாத மொழி

இனி, பெற்றோர் வினவிய வினாவிற்கு வருவோம். புதிர்மொழி கற்றதனாலேயே எவரும் வேலை தரமாட்டார். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதனாற் பெறும் பழக்கம் வீண்போவதில்லை. துணி துவைக்கும் பொறியிலும், மின்னளவியிலும், விளையாட்டுப் பொம்மையிலும் உள்ள சிறு சில்லுகள் பலவற்றில் இன்றும் நினைவகம் சில ஆயிரம் பைட்டுகளே. அவற்றிற்கு நிரல் எழுதுவோர்க்கு டிஃப்ராக் காலத்துச் சிக்கனம் இன்றும் தேவைப்படுகின்றது. அன்றியும், ஒரு விடை கிடைத்தவுடன் நின்றுவிடாமல் ‘இதனினும் நன்றாக இயலுமா?’ என்று கேட்கும் மனம் எத்தொழிலுக்கும் வேண்டப்படுவதே.

நம்மவர்க்குச் சிறப்பாக மற்றொரு நன்மையும் உண்டு. நம் பகுதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியும், கல்லூரியில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். கணிப்பொறி மொழிகளுள் பெரும்பாலானவை ஆங்கிலச் சொற்களால் ஆனவை. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளை அங்கே ஒரு படி கீழே நின்று தொடங்குகின்றான். அக்குறையை வேறொரு வழியிற் போக்க முயன்ற தமிழரும் உளர். முத்தையா அண்ணாமலை அவர்கள் 2007-இல் உருவாக்கத் தொடங்கிய எழில் என்னும் மொழியில் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ எனத் தமிழ்ச் சொற்களே கட்டளைகள். நிபந்தனையை முதலிற் கூறி ‘ஆனால்’ என்பதைப் பின்னர் வைப்பது தமிழ்த் தொடரின் நடையையே ஒத்திருக்கின்றது.

எட்டுக்குறி மொழியிலோ ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. அஃது எவர்க்கும் தாய்மொழி அன்று. செல்வர் வீட்டுப் பிள்ளையும் தோல் தொழிலாளியின் பிள்ளையும் அம்மொழியின் முன் ஒரே வரிசையில் நிற்கின்றனர். கட்டணம் செலுத்திச் சேரும் தனிவகுப்பும், விலையுயர்ந்த பொறியும் வேண்டா. ஒரு தாளும் பென்சிலும் போதும். தாளும் இல்லையெனில் பாட்டியின் பல்லாங்குழியும் ஒரு பிடி சோழியும் போதும். எழுதியதைச் சரிபார்க்க வீட்டிலுள்ள எளிய கைப்பேசியே மிகுதி. ஒற்றை அறையில் ஐவர் உறங்கும் வீட்டிலும், மின்விளக்கை அணைத்த பின்னும், பிள்ளை படுத்தபடியே மனத்திற்குள் 53-ஐ 52 ஆக்க முயலலாம்.

கணிப்பொறி அறிவு நமக்கு எட்டாத உயரத்தில் உள்ளது, அது பிறர்க்குரியது என்னும் எண்ணம் நம் இல்லங்கள் சிலவற்றில் இன்னும் இருந்துவருகின்றது. இந்நகரின் வரலாறு அதனை மறுக்கின்றது. சென்னையிற் பிறந்த ஒருவர் தலைமையில், வாங்குதற்குப் பதிலாகக் கட்டுதலைத் தேர்ந்த ஒரு சிறு குழுவினர், சுழியும் ஒன்றுமே தெரிந்த பொறியைக் கொண்டு, இந்நகரின் தென்கோடியில் நாட்டின் கணிப்பொறிக் கலைக்கு அடிகோலினர். குறைந்த கருவியே அவர்கட்குப் பள்ளிக்கூடமாயிற்று. குறைந்த இடத்தில் நிறைந்த வாழ்வை அமைத்துக் காட்டிய நம் குடும்பங்கட்கு இப்பாடம் அயலானதன்று.

ஆகவே, நம் சங்கத்தின் ஆண்டு விழாக்களில் கோலப் போட்டியும் திருக்குறள் ஒப்பித்தலும் நடைபெறுவது போன்றே, பல்லாங்குழிப் பலகையை நடுவில் வைத்து ஒரு புதிர்ப் போட்டியும் நடத்தலாம். முதற் புதிராக அகரத்தையே வைத்தோம். அடுத்த ஆண்டு ‘தமிழ்’ என்னும் சொல் முழுவதையும் குறைந்த குறிகளில் எழுதிக் காட்டும் சிறுவரும் சிறுமியரும் இம்மேடையில் ஏறட்டும். அவர்கட்குப் பரிசளிக்கச் சங்கமும், கைதட்டப் பெற்றோரும் ஆயத்தமாக இருப்போமாக.